ஆஸ்பத்திரிப் பை எப்போ கட்டணும்? (மலேசியா, பகாவ் பக்கம், 34 வாரம்)

எஸ்டேட்_மருமக · 6.10.2024, இரவு 9.12

முதல் பிள்ளை. இன்னையோட 34 வாரம். டவுன்ல இருந்து 11 கிலோமீட்டர் உள்ளே, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். பிரசவத்துக்குக் கோலா பிலா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. மாமியார், பிள்ளைக்கு முன்கூட்டியே துணி வாங்கிப் பை கட்டுறது ஆகாது, வலி வந்த பிறகு கட்டிக்கலாம்னு சொல்றாங்க. யூடியூப்ல ஒருத்தங்க 60 சாமான் லிஸ்ட் போடுறாங்க. ரெண்டுல எது சரி? வளைகாப்பு முடிஞ்சு ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல் இருக்கு, அதையும் என்ன செய்றதுன்னு சொல்லுங்க.

ஓய்வு_மிஸ்ஸி · 6.10.2024, இரவு 10.03

ரெண்டுமே தப்பு, ஆனா மாமியார் சொல்றதுல பாதி சரி. பழைய வழக்கத்துல தடை இருக்கிறது புதுத் துணிக்குத்தான். பிறந்த பிள்ளைக்கு முதல்ல சொந்தக்காரப் பிள்ளை போட்டுப் பழகின துணியைப் போடுறதுதானே நம்ம முறை? அப்போ நாத்தனார் பிள்ளையோட பழைய துணி 4 செட்டு கேட்டு வாங்கு. மாமியாரும் சமாதானம், சாயமும் கஞ்சியும் போன மெத்துன்னு இருக்கிற துணி பிள்ளைத் தோலுக்கும் நல்லது.

60 சாமான் லிஸ்ட் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. கம்பளி, ரூம் வாசனை எண்ணெய் எல்லாம் அதுல வரும். மூணாம் கிளாஸ் வார்டுல கட்டில் பக்கத்துல உனக்குக் கிடைக்கிறது ஒரு சின்ன அலமாரி. அதுல அடங்கணும்.

கட்டும்போது ஒண்ணை மனசுல வை: பையைத் திறக்கப் போறது நீ இல்ல. நீ லேபர் ரூம்ல இருப்பே, வெளியில உன் வீட்டுக்காரரோ மாமியாரோ ராத்திரி 3 மணிக்குக் கையை விட்டுத் துழாவுவாங்க. மிஸ்ஸி (நர்ஸ்) வெளியே வந்து "பிள்ளைக்குத் துணி, லம்பின் (டயப்பர்), துண்டு" கேட்டா அரை நிமிஷத்துல எடுத்துக் கொடுக்கிற மாதிரி கட்டணும். மத்ததை நாளைக்கு எழுதுறேன்.

ஓய்வு_மிஸ்ஸி · 7.10.2024, காலை 6.40

மூணு பங்கா பிரி.

கைப்பை, எப்பவும் தோள்ல. பிங்க் புக் (கிளினிக்ல கொடுத்த கர்ப்பப் பதிவுப் புத்தகம்), மைகாட் (அடையாள அட்டை) அசல், வீட்டுக்காரர் மைகாட் நகல், கல்யாண சர்டிபிகேட் நகல் 2, கம்பெனி கேரண்டி லெட்டர் (ஆஸ்பத்திரிச் செலவை ஏத்துக்கிற கடுதாசி) இருந்தா அது, சில்லறை நோட்டு. பிங்க் புக் பையில இல்ல, கைப்பையில. பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போனாலும் கூடவே வரணும். உன் ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் அதுலதான் இருக்கு. அது இல்லாம வேற ஆஸ்பத்திரிக்குப் போனா உன்னைப் பத்தி முதல்ல இருந்து எல்லாத்தையும் கேட்டு எழுதணும்.

லேபர் பை, சின்னது. கைலி 2, முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை 1, நீளப் பேட் 1 பாக்கெட், வழுக்காத ரப்பர் சிலிப்பர், 1.5 லிட்டர் தண்ணிப் போத்தல், வளையிற ஸ்ட்ரா (படுத்துக்கிட்டே குடிக்க வேற வழி இல்ல), முடி கட்ட ரப்பர் 3. தனி ஸிப் பிளாஸ்டிக்ல பிள்ளையோட முதல் செட்டு: சட்டை 1, லம்பின் 1, தொப்பி 1, கைமூடி காலுறை, போர்த்த துண்டு 2. துண்டு ஏன் ரெண்டுன்னா, ஒண்ணு ஈரத்தைத் துடைச்சதும் நனைஞ்சிரும். நனைஞ்ச துண்டுலயே சுத்தி வச்சா பிள்ளை உடம்பு குளிர்ந்துடும்.

வார்டு பை கார்லயே இருக்கட்டும், பிரசவம் முடிஞ்ச பிறகு மேல கொண்டு வந்தா போதும்.

ஸிப் பையில மார்க்கர் பேனாவால "முதல் துணி"ன்னு எழுது. "பி.1" "பி.2"ன்னு ரகசிய எண் போடாதே, மூணு மணிக்கு யாருக்கும் கணக்கு வராது.

லோரி_அண்ணே · 7.10.2024, மதியம் 1.15

எங்க ஆளுங்களுக்கு எழுத்தும் வேணாம் மிஸ்ஸி, கலர் பை கொடுங்க. சிவப்புன்னா பிள்ளை, நீலம்னா அம்மா. அவ்வளவுதான் மண்டையில நிக்கும்.

ஓய்வு_மிஸ்ஸி · 7.10.2024, மதியம் 1.32

சிரிச்சாலும் நல்ல யோசனைதான் அண்ணே. மேலே எழுதினதைத் திருத்திக்கோ தங்கச்சி: எழுத்தும் வேணும், கலரும் வேணும்.

ஓய்வு_மிஸ்ஸி · 9.10.2024, இரவு 8.50

வளையல் விஷயம். டிரிப் ஏத்துற பிரானுலா ஊசியைப் புறங்கையிலோ மணிக்கட்டுக்கிட்டயோ போட்டு பிளாஸ்டர் ஒட்டுவாங்க. வளையல் மேலயும் கீழயும் நகர்ந்து அதுலேயே இடிக்கும். வலி ஏறும்போது கட்டில் கம்பியைப் பிடிப்பே, கண்ணாடி உடைஞ்சா சில்லு படுக்கையில. ஒரு கையை மட்டும் காலி பண்ணினா போதுமான்னு கேட்பாங்க. போதாது. ஒரு கையில டிரிப், இன்னொரு கையில ரத்தம் எடுக்கணும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற வரைக்கும் போட்டுக்கலாம், அதுல யாருக்கும் சண்டை வேணாம். கிளம்பும்போது கழட்டணும். கை வீங்கியிருந்தா ரொட்டி பிளாஸ்டிக் மாதிரி மெல்லிசுப் பையைக் கைக்கு உறை மாதிரி மாட்டி, மேல கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டு வளையலை பிளாஸ்டிக் மேலேயே வழுக்கி இழுத்தா வந்துரும். ஒவ்வொண்ணா எடு. பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கோ. அந்தக் காலத்துல கழட்டின வளையலை மருத்துவச்சிக்குக் கொடுப்பாங்க. இப்போ லேபர் ரூம் மிஸ்ஸிகிட்ட நீட்டினா எங்கே வைக்கிறதுன்னு முழிப்பாங்க. சின்னத் துணி சுருக்குப் பை ஒண்ணு கைப்பையில வை.

மோதிரத்தை இப்பவே கழட்டு. 36 வாரம் தாண்டி விரல் வீங்கினா வெட்டித்தான் எடுக்க வேண்டி வரலாம். மெட்டியும் அப்படித்தான். தாலியையும் கழட்டி மஞ்சள் கயித்துல மாத்திக்கோ.

கைவிரல் நகத்துல மருதாணி, நகப் பூச்சு வேணாம். ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பு விரல் நுனியிலதான் மாட்டுவாங்க, கருஞ்சிவப்பு இருந்தா அளவு தப்பா காட்டலாம். தீபாவளிக்குப் போட்டே ஆகணும்னா உள்ளங்கையோட நிறுத்து.

ஓய்வு_மிஸ்ஸி · 10.10.2024, காலை 7.05

நேத்து தாலியைப் பத்தி அவசரப்பட்டு எழுதிட்டேன். சுகப் பிரசவத்துக்குப் பொதுவா தாலியைத் தொட மாட்டாங்க. ஆபரேஷன்னா உலோகம் உடம்புல இருக்கக் கூடாது, ரத்தத்தை அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துறாங்க. அதனால மஞ்சள் கிழங்கு கட்டின கயிறு ஒண்ணு கைப்பையில தயாரா இருக்கட்டும், மாத்துற முடிவு அப்போ எடுத்துக்கலாம். ஆனா மூக்குத்தி, மெட்டி, மோதிரம் மூணும் இப்பவே கழண்டு வருதான்னு பார்த்து வை. சிசேரியன் முடிவாகி அரை மணி நேரத்துல தள்ளிக்கிட்டுப் போகும்போது திருகாணி சுத்தாம நிக்கிறதுதான் வழக்கமான தலைவலி.

பேரன்_எதிர்பார்ப்பு · 12.10.2024, இரவு 9.26

மிஸ்ஸி, என் மகளுக்கும் அடுத்த மாசம். அலமாரியில 20 வருஷமா வச்சிருக்கிற பிள்ளைத் துணி இருக்கு, அந்துருண்டை போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன். அதையே எடுத்துக்கலாமா? பிறந்த பிள்ளை நாக்குல சேனை தொட்டு வைக்கத் தேன் பாட்டிலும் வைக்கலாம்னு இருக்கேன்.

ஓய்வு_மிஸ்ஸி · 12.10.2024, இரவு 10.40

அந்துருண்டைத் துணி வேணவே வேணாம்மா. இந்த ஒண்ணுக்கு மட்டும் கத்தியே சொல்றேன். அந்த உருண்டை நாப்தலீன், மலாய்க்காரங்க உபாட் கெகாட்னு சொல்றது. ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, ரத்தச் சிவப்பணு சுலபமா உடையுற பிறவிக் குறை. அது உள்ள பிள்ளைக்கு அந்த வாசனை பட்டாலே சிவப்பணு உடைஞ்சு, மஞ்சள் காமாலை கடகடன்னு ஏறலாம். பிள்ளைக்கு அது இருக்கா இல்லையான்னு பிறந்த பிறகு தொப்புள்கொடி ரத்தத்துலதான் பார்ப்பாங்க, அதுக்குள்ள நீங்க துணியைப் போட்டுச் சுத்தியிருப்பீங்க. ரெண்டு மூணு தடவை துவைச்சாலும் நூலுக்குள்ள இருக்கிறது முழுசா போகுதுன்னு சொல்ல முடியாது. அந்தத் துணியை நினைவுக்கு வச்சுக்கோங்க, உடம்புல போட வேணாம். பையையும் அந்த அலமாரிக்குள்ள வைக்காதீங்க, பை பூரா வாசனை ஏறிடும். சூடம், கோடாலித் தைலம் இதெல்லாம் பிள்ளை பக்கமே வேணாம். இடுப்பு வலிக்குத் தாய் தடவிக்கிட்டு அதே கையால பிள்ளையைத் தூக்குறதும் சேர்த்துத்தான் சொல்றேன்.

தேனும் பையில வேணாம். ஒரு வயசுக்குள்ள தேன் கொடுத்தா பொட்டுலிசம்னு ஒரு நச்சு நோய் வரலாம், குடல் அதைத் தடுக்கிற அளவுக்குப் பழகியிருக்காது. சர்க்கரைத் தண்ணியும் சீம்பாலோட போட்டி போடும். சேனை தொட்டு வைக்கிறது பெரியவங்க ஆசீர்வாதம்தானே, தாய்ப்பால் ஒரு சொட்டை விரல்ல எடுத்து வச்சா முறையும் நடந்துரும்.

பால் புட்டி, நிப்பிள், மாவு டின் மூணும் வெளியே எடுத்து வைங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில தாய்ப்பால் விதி, உள்ளே விட மாட்டாங்க. தூக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வரணும்.

எஸ்டேட்_மருமக · 13.10.2024, காலை 9.05

அக்கா வார்டு பைக்குக் கணக்கு சொல்லுங்க, கடைக்குப் போறேன்.

ஓய்வு_மிஸ்ஸி · 13.10.2024, காலை 9.48

சுகப் பிரசவம்னா சுமார் ஒரு நாள், ஆபரேஷன்னா ரெண்டு மூணு நாள். மூணு நாளுக்குக் கட்டு. பிள்ளைக்கு மஞ்சள் காமாலையோ ஜி6பிடி குறைபாடோ இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் சில நாள் இருக்கச் சொல்வாங்க, அதுக்கு இன்னொரு பிளாஸ்டிக் பையில ரெண்டு நாள் துணி வீட்டு அலமாரியில தயாரா இருக்கட்டும், வீட்டுக்காரர் கொண்டு வர்றதுக்கு. அந்துருண்டை இல்லாத அலமாரி.

உனக்கு: கைலி 4, முன்பட்டன் சட்டை அல்லது கெலாவார் (தொளதொள கவுன்) 3, பால் கொடுக்கிற பிரா 2 (இப்போ போடுற அளவை விட ஒண்ணு பெருசு, மூணாம் நாள் பால் கட்டும்), கறுப்பு உள்ளாடை 5, துண்டு 2, பல் சாமான், 1 லிட்டர் பிளாஸ்க், கப்பு, கரண்டி. 40 சென்டிமீட்டர் ராத்திரிப் பேட் 2 பாக்கெட். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்தினா முதல் நாள்லேயே ஆறுல இருந்து எட்டு போகும். பேட் உள்ளாடையில நிக்காம நழுவும்னு பயப்படுறவங்க பெரியவங்க பேம்பர்ஸ் 4 எடுத்துக்கலாம். முதல் ராத்திரிக்கு அது தனி நிம்மதி. ஒரு மணி நேரத்துல ஒரு பெரிய பேட் முழுசா நனைஞ்சாலோ, கோழி முட்டை அளவு ரத்தக்கட்டி வந்தாலோ, மாத்திட்டுச் சும்மா படுக்காதே. மிஸ்ஸியைக் கூப்பிடு, நனைஞ்ச பேட்டைத் தூக்கிப் போடாம காட்டு.

பிள்ளைக்கு: சட்டை 4, பெடோங் துணி (பிள்ளையைச் சுத்திக் கட்டுறது) 4, புது பிறப்பு சைஸ் லம்பின் 20 (பெரிய பாக்கெட் வாங்காதே, சில பிள்ளைக்கு ரெண்டு வாரத்துலேயே சின்னதாயிடும்), பஞ்சு ஒரு ரோல், சின்னக் கிண்ணம். ஈரத் துடைப்பானுக்குப் பதிலா வெதுவெதுப்பான தண்ணியும் பஞ்சும் போதும். முதல் ரெண்டு நாள் மலம் தார் மாதிரி கறுப்பா ஒட்டும், அதுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வை, துடைக்கிறதுக்கு முன்னாடி லேசா தடவினா வந்துரும்.

தின்ன: கிரீம் கிராக்கர், பேரீச்சம்பழம், மைலோ பாக்கெட் 6. சர்க்கரை கூடினவங்க மைலோவை விட்டுட்டு உப்பு பிஸ்கட். இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர், பிரஷர் மாத்திரை அதோட அட்டைப் பெட்டியோடேயே வை, வெறும் டப்பாவுல கொட்டினா என்ன மாத்திரைன்னு யாருக்கும் தெரியாது. வலி வந்த பிறகு சாப்பிடலாமான்னு கேட்டுட்டுச் சாப்பிடு, ஆபரேஷன் ஆகலாம்னா வயிறு காலியா இருக்கணும்.

ஓய்வு_மிஸ்ஸி · 13.10.2024, மதியம் 12.20

பேட் 2 பாக்கெட்னு எழுதினேன். ஒரு பாக்கெட்ல 8 தான் இருக்கிற கம்பெனியும் உண்டு. எண்ணிப் பார்த்து வாங்கு, மொத்தம் 20 வரணும்.

எஸ்டேட்_மருமக · 15.10.2024, இரவு 9.30

கார்ல வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டு வரும்போது என் மடியில பெடோங் கட்டி வச்சிக்கலாம்தானே? 40 கிலோமீட்டர்தானே.

லோரி_அண்ணே · 15.10.2024, இரவு 9.41

1.1.2020ல இருந்து குழந்தை சீட்டு சட்டம்.

ஓய்வு_மிஸ்ஸி · 15.10.2024, இரவு 10.15

சட்டத்தை விடு. செம்மண் ரோட்ல முன்னாடி போற லோரி திடீர்னு பிரேக் போட்டா கை தாங்காது, பிள்ளை எறிஞ்ச பந்துதான். பின்னால பார்க்கிற சீட்டு, பின் சீட்டுல. முன்னாடி ஏர்பேக் இருக்கிற இடத்துல ஒருக்காலும் வேணாம். இப்பவே கார்ல மாட்டிப் பழகு. பெல்ட் போட்ட பிறகு அடிப்பாகம் பக்கவாட்டுல ஒரு அங்குலத்துக்கு மேல ஆடக் கூடாது. இன்னொண்ணு, பெடோங் கட்டினா இந்த சீட்டுல பெல்ட் போட முடியாது, பட்டி ரெண்டு காலுக்கு நடுவுல வரும். அதனால வீடு திரும்புற செட்டுல கால் வச்ச உடுப்பு ஒண்ணு கட்டாயம், பெடோங் துணியைப் பெல்ட் போட்ட பிறகு மேல போர்த்து.

போகிற வழிக்கு, பழைய பிளாஸ்டிக் விரிப்பும் மேல ரெண்டு பழைய கைலியும் சீட்டுல போட்டு வை. பனிக்குடம் எங்கே உடையும்னு அது சொல்லிட்டு வராது. உடைஞ்சதும் பேட் வச்சு நிறம் பார்: தெளிவாவோ இளஞ்சிவப்பாவோ இருந்தாலும் வலி இல்லன்னாலும் கிளம்பணும். பச்சையா, பட்டாணி சூப் மாதிரி இருந்தா பிள்ளை உள்ளேயே மலம் கழிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சுக்கிட்டே கிளம்பு. அந்தப் பேட்டையும் பிளாஸ்டிக்ல போட்டு எடுத்துக்கோ.

ஓய்வு_மிஸ்ஸி · 19.10.2024, காலை 6.55

கடுதாசி பத்தி தனியா. மேலே கல்யாண சர்டிபிகேட் நகல்னு ஒரு வரியில ஓட்டிட்டேன், அது நியாயமில்ல. நம்ம பக்கம் கோயில்ல தாலி கட்டிட்டு ஜே.பி.என்.ல (தேசியப் பதிவு இலாகா) பதியாம விட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கு. பதியலைன்னா பிள்ளையோட பிறப்புப் பத்திரத்துல அப்பா பேர் தானா ஏறாது. தாயும் அவரும் சேர்ந்து கேட்டாத்தான் பேரை எழுதுவாங்க. அப்படி எழுதினாலும் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் வரும். தாய் வெளிநாட்டுக்காரங்கன்னா அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாம நிக்கும். பள்ளிக்கூடம் சேர்க்கும்போதுதான் இது தெரிய வரும். பதியாதவங்க இப்பவே, பிரசவத்துக்கு முன்னாடியே பதிஞ்சிடுங்க. பை கட்டுறதை விட இது அவசரம்.

பிறப்பு பதிய 60 நாள் அவகாசம், ஆஸ்பத்திரி கொடுக்கிற உறுதிக் கடுதாசியும் ரெண்டு பேர் மைகாட்டும் வேணும். ஜாதக எழுத்துப் பார்த்து 30ஆம் நாள் பேர் வைக்கிற வீடுகளுக்கும் இது தாராளம். பிறந்த நேரத்தை நிமிஷத்தோட மிஸ்ஸிகிட்ட கேட்டு எழுதிக்கோ. ஜோசியர் அந்த நிமிஷத்துலதான் நிப்பார். பேரை ரூமி (ஆங்கில) எழுத்துல ஒரு அட்டையில பெருசா எழுதிக் கொண்டு போ. கவுண்டர்ல நின்னு ஒரு 'எச்' போடலாமா வேணாமான்னு மாமனாரும் மாப்பிள்ளையும் சண்டை போட வேணாம்.

வீட்டுக்காரர் தோட்டத்துல சம்பள ஆள்தானே? 2023ல இருந்து அப்பாவுக்கு 7 நாள் சம்பள விடுப்பு உண்டு, ஒரே முதலாளிகிட்ட 12 மாசம் வேலை செஞ்சிருக்கணும். பிரசவ தேதிக்கு 30 நாள் முன்னாடியாவது ஆபீஸ்ல சொல்லணும், முடியலைன்னா பிறந்ததும் சீக்கிரம். 6ஆம் தேதி 34 வாரம்னு எழுதினே, அப்போ தேதி 17.11. கணக்குப்படி கிராணிகிட்ட (ஆபீஸ் கிளார்க்) நேத்தே சொல்லியிருக்கணும். இன்னைக்கே போகச் சொல். உனக்கு 98 நாள், அதை 30 நாள் முன்னாடி வரைக்கும் ஆரம்பிக்கலாம்.

லோரி_அண்ணே · 19.10.2024, காலை 8.10

கிராணிகிட்ட வாயால சொன்னா மறந்துடுவார். எழுதிக் கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்கு.

எஸ்டேட்_மருமக · 22.10.2024, இரவு 8.17

பை கட்டியாச்சு, சிவப்பு நீலம். மாமியார் வெளியே கொடியில காயப்போட்ட நாத்தனார் பிள்ளைத் துணியை அவங்களே மடிச்சு வச்சாங்க! எப்போ கிளம்பணும்னுதான் இன்னும் குழப்பம். சூட்டு வலியா பிரசவ வலியான்னு எப்படித் தெரியும்?

ஓய்வு_மிஸ்ஸி · 22.10.2024, இரவு 9.02

சீரகக் கஷாயம் குடிச்சுப் பார்க்கச் சொல்வாங்க, அடங்கினா சூட்டு வலின்னு. குடிக்கலாம், சூடான தண்ணிதான். ஆனா அதுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்காதே. கடிகாரத்தைப் பார்த்து எழுது: எப்போ ஆரம்பிச்சுது, எத்தனை வினாடி. நடந்தாலும் படுத்தாலும் அடங்காம, இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்தா நிஜ வலி. டவுன் பிள்ளைங்களுக்கு 5 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க. நீ 11 கிலோமீட்டர் செம்மண், அப்புறம் கோலா பிலா. சீராக 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தாலே கிளம்பு. வலி வரட்டும்னு விளக்கெண்ணெய் குடிக்க வேணாம். வயித்துப் போக்குல தண்ணி வத்திப் போய் வலிக்குத் தெம்பில்லாம வருவாங்க. ரும்புட் பாத்திமாங்கிற மூலிகையும் வேணாம், கர்ப்பப்பை விடாம இறுகிடலாம், அப்போ பிள்ளைக்கு மூச்சு கொடுக்க இடைவெளியே இருக்காது.

பிள்ளை அசைவை காலை 9ல இருந்து எண்ணு. 12 மணி நேரத்துல 10 அசைவு வரலைன்னா வலியும் வேணாம் பையும் வேணாம், கிளம்பு.

லோரி_அண்ணே · 24.10.2024, காலை 7.30

தோட்டத்து கேட்டு ராத்திரி பூட்டுவாங்க. ஜாகாகிட்ட (காவல்காரர்) முன்னாடியே சொல்லி அவர் நம்பரை வாங்கி வைங்க. வண்டியில பெட்ரோல் அரை டேங்க்குக்குக் கீழ விடாதீங்க. மழை பெஞ்சா எந்தச் சிறு பாலம் மூழ்கும், வேற ரோடு எதுன்னு பகல்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பிளாக் நம்பர் போர்டை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. 999க்கு அடிச்சா "செம்பனைக் காட்டுக்குள்ள"ன்னு சொன்னா வண்டி எங்கே வரும்?

ஓய்வு_மிஸ்ஸி · 24.10.2024, காலை 8.44

இது என் லிஸ்ட்ல இல்ல. இருந்திருக்கணும். டோர்ச் லைட் ஒண்ணும் சேர்த்துக்கோ தங்கச்சி, பவர்பேங்கும் நீள சார்ஜர் வயரும். பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னாலதான் இருக்கும்.

ஓய்வு_மிஸ்ஸி · 30.10.2024, மாலை 5.20

நாளைக்குத் தீபாவளி, உனக்கு 37 வாரம் தாண்டியாச்சு. நம்ம ஜாகா லீவுல போயிருந்தா மாத்து ஆள் இருப்பார், அவர்கிட்ட இன்னைக்கே சொல்லிடு. பலகாரத்துல முறுக்கு வேணும்னா டின்ல போட்டுப் பையில வை. நெய் உருண்டை வேணாம், வெயில்ல நிக்கிற காருக்குள்ள உருகிப் பிள்ளைத் துணி பூரா நெய்யாயிடும்.